கதவில் விழுந்த கீறல்: கையால் தேய்ப்பதா, பெயின்ற் அடிப்பதா?

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு மதில் தூணில் உரசி, கடும் நீல நிறக் காரின் இடது பின்கதவில் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைக் கோடுகள் விழுந்தன. ரப்பிங் கொம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசையைப் பூசிக் கையால் தேய்ப்பது, மெசினால் தேய்த்து மெருகேற்றும் கட் அன்ட் பொலிஷ் செய்விப்பது, கதவு முழுவதற்கும் புதுப் பெயின்ற் அடிப்பிப்பது என மூன்று வழிகள் இருந்தன. நான் முதலாவதைத் தெரிந்தெடுத்தவன் என்பதால், என் பேச்சு அந்தப் பக்கமே சாயும்.

செலவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கைவேலைக்கு ஒரு டின்னும் ஒரு காலைப்பொழுதும் போதும். பெயின்றுக்குக் கார் சில நாட்கள் கராஜில் நிற்க வேண்டும்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது விற்பனை மதிப்பு. இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார் என்பது காணித்துண்டு போல ஆகிவிட்டது. வாங்க வருபவர் முதலில் கேட்பதே கொம்பனிப் பெயின்றா என்றுதான். தொழிற்சாலைப் பூச்சு மொத்தமாகப் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்திலொன்று) தடிப்பு; அதன்மேல் மீண்டும் அடித்த கதவில் தடிப்புமானியை வைத்தால் எண் ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும். சிறு உரசலுக்காக அடித்த பெயின்ற், பெரிய விபத்தை மறைக்க அடித்ததாகவே சந்தேகிக்கப்படும்.

ஆனால் தேய்ப்பதற்கும் எல்லை உண்டு. நிறத்துக்கு மேலே உள்ள கிளியர் கோட் என்ற நிறமற்ற மேற்பூச்சு ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரோன்தான். ஒவ்வொரு தேய்ப்பும் அதில் சிறிது எடுக்கிறது, எடுத்தது திரும்பி வராது. ஆகவே கீறலில் முதலில் தண்ணீர் தடவிப் பார்த்தேன்: நனைந்ததும் மறைவது மேற்பூச்சோடு நிற்பது, நகம் தட்டுவது ஆழமானது. கச்சான் காற்று அள்ளிவந்த மணல் ஒரு துகள் துணிக்கடியில் இருந்தாலும் புதுக் கீறல் விழும் என்பதால், கதவை இரண்டு முறை கழுவிவிட்டே நிழலில் வேலையைத் தொடங்கினேன். ஐந்து ரூபாய்க் குற்றியளவு கொம்பவுண்டை மைக்ரோஃபைபர் துணியில் எடுத்து மெதுவாகத் தேய்க்க, வெள்ளையெல்லாம் துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதில் பெரும்பகுதி கீறலே அல்ல, தூணின் பெயின்ற். நகம் தட்டிய இரண்டு கோடுகளை அப்படியே விட்டு, மெழுகு பூசி முடித்தேன்.

மெசின் வேலையை மச்சானின் காரில் ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். பளபளப்பு என் கைவேலையை விட மேல். ஆனால் வெயிலில் வட்ட வட்டமாகத் தடங்கள் தெரிந்தன. அது செய்தவரின் கையா, மெசினின் குணமா என்று ஒரு காரை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இரும்பு வெளித்தெரிந்திருந்தால் மட்டும் பெயின்ற்தான் வழி. திருகோணமலையின் உப்புக்காற்றில் திறந்த இரும்பு துருவேற நாள் பார்க்காது. பிரைமரோடு மூடியாக வேண்டும். பிளாஸ்டிக் பம்பருக்கு அந்த அவசரம் இல்லை. மெற்றாலிக் நிறமென்றால் சாயல் பிசகாமல் கலக்கத் தெரிந்த பெயின்ற் பாஸைத் தேடிப் போவது நல்லது.

அந்த இரண்டு கோடுகளும் சாய்ந்த மாலை வெயிலில் இன்னும் தெரிகின்றன. மதில் தூணுக்குப் பழைய டயர் ஒன்றைக் கட்டிவிட்டேன்.