குடியேறியோர் எடையும் மண்ணில் பிறந்தோர் எடையும்: 1954-உம் 2000-உம்

அமெரிக்காவில் குடியேறியவர்கள் அங்கேயே பிறந்தவர்களைவிடப் பருமன் குறைந்தவர்கள் என்பது இன்றைக்கு உண்மைதான் என்றாலும், அதை எக்காலத்துக்கும் பொருந்தும் விதியாகக் கொள்ள வரலாறு இடம் தரவில்லை.

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் நடுப்பகுதியில் 1954-இல் 1,660 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பில், குடியேறிய முதல் தலைமுறைப் பெண்களில் 24 விழுக்காட்டினர் பருமனாக இருந்தார்கள். நான்காம் தலைமுறையிலோ 5 விழுக்காடுதான். 2000-ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு நேர்காணல் ஆய்வில் நிலைமை தலைகீழ்: குடியேறியோரில் 16, அங்கே பிறந்தோரில் 22. பருமனுக்கான வரையறை இரண்டிலும் ஒன்றல்ல என்பதால் எண்களை நேருக்கு நேர் நிறுத்தக் கூடாது. திசை மாறியிருப்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

இன்றைக்குக் குடியேறியோரிடம் பருமன் குறைவாக இருப்பதற்கு இரண்டு விளக்கங்கள் போட்டியிடுகின்றன. உடல்நலம் உள்ளவர்களே கடல் கடந்து போகத் துணிகிறார்கள் என்பது ஒன்று. போன இடத்துச் சாப்பாடும் வாழ்க்கைமுறையும் உடம்பை மாற்றுகின்றன என்பது மற்றொன்று. 2000-ஆம் ஆண்டுத் தரவில், வந்து ஓராண்டு ஆகாதவர்களிடம் 8 விழுக்காடாக இருந்த பருமன், 15 ஆண்டுகளோ அதற்கு மேலோ தங்கியவர்களிடம் 19 ஆக இருந்தது. முதல் எண்ணுக்கு முதல் விளக்கம் போதும், இரண்டாவதற்குப் போதாது. ஜப்பான், ஹவாய், கலிபோர்னியா ஆகிய மூன்று இடங்களிலும் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளி ஆண்களை 1960-களில் ஒப்பிட்டபோது, உணவின் ஆற்றலில் கொழுப்பின் பங்கு முறையே 15, 33, 38 விழுக்காடாக இருந்தது; கடல் கடந்தவர்களின் எடையும் தாயகத்தில் இருந்தவர்களின் எடையைவிட அதிகம். வம்சம் ஒன்றுதான், அடுப்படிதான் வேறு. என் கணிப்பில் இரண்டாவது விளக்கத்துக்கே வலு அதிகம்.

ஆனால் 1954-இன் மன்ஹாட்டனை இவ்விரண்டில் எதுவும் விளக்கவில்லை. அங்கே ஏழைப் பெண்களிடம் பருமன் வசதி படைத்த பெண்களிடம் இருந்ததைவிடப் பல மடங்கு அதிகம். குடியேறிய தலைமுறை பெரும்பாலும் கீழ்ப்படிகளில் இருந்தது. பஞ்சம் பார்த்த வீடுகளில் பூசினாற்போன்ற உடம்பு செழிப்பின் அடையாளமாகவும், வசதியான வீடுகளில் மெலிவே அழகாகவும் இருந்திருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

அளவுகோலையும் பார்க்க வேண்டும். கிலோ கணக்கிலான எடையை மீட்டர் கணக்கிலான உயரத்தின் இருமடியால் வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியீடு. அது 30 என்ற வரம்பின்படி, 160 செ.மீ. உயரமுள்ள பெண் 77 கிலோவை எட்டினால்தான் பருமன் கணக்கில் சேர்வார். ஆசிய உடல்வாகுக்கு 27.5-ஐயே அதிக ஆபத்தின் தொடக்கமாக உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் பரிந்துரைத்தது. அதே உயரத்துக்கு அது ஏறத்தாழ 70 கிலோ. இந்தியாவிலிருந்து போய் 72 கிலோவில் இருக்கும் பெண், மேற்கண்ட 16 விழுக்காட்டில் இடம்பெறவே மாட்டார்.