சுங்கை சிப்புட் பட்டறையில் கன்சில் கிளட்ச்

மெல்பர்னிலிருந்து விடுமுறைக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட் வந்து, வீட்டில் கிடக்கும் பழைய காரை எடுத்து ஓட்டுபவர்களுக்குப் பயன்படும் என்பதால், கிளட்ச் சரிசெய்த அனுபவத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அப்பாவின் கார் பெரோடுவா கன்சில். டைஹாட்சு மீராவை அடிப்படையாகக் கொண்டு 1994-இல் அறிமுகமான வகை. இதில் மிதியை அமுக்கும் விசை, எண்ணெய் வழியாக அல்லாமல், ஒரு கேபிள் வழியாகவே கிளட்சுக்குப் போகிறது.

ரிவர்ஸ் கியர் போடும்போதெல்லாம் பல் உரசும் ஓசை கேட்டது. மிதி தரையை நெருங்கிய பிறகே கிளட்ச் விடுபட்டது. ஈப்போவில் ஒரு பட்டறையில் பானட்டைக்கூடத் திறந்து பார்க்காமல், கிளட்ச் செட் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

லிந்தாங் சாலைப் பக்கம், செம்பனைத் தோட்ட லாரிகளையும் பழுதுபார்க்கும் சிறிய பட்டறை ஒன்று இருக்கிறது. அதன் உரிமையாளர் காரை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே குனிந்து, கிளட்ச் மிதியை உள்ளங்கையால் மெல்ல அழுத்தி, இறுக்கம் தட்டுப்படும் இடம்வரை இரும்பு அளவுகோலை வைத்துப் பார்த்தார். ஏறத்தாழ 2 செண்டிமீட்டர் இருக்க வேண்டிய வெற்று அசைவு (இறுக்கம் தட்டும்வரை மிதி சும்மா நகரும் தூரம்) அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் இருந்தது. "தம்பி, டிஸ்க் தேஞ்சிருந்தா இந்த ஆட்டம் குறைஞ்சிருக்கும். கூடியிருக்குன்னா கேபிளைத்தான் பார்க்கணும்" என்றார். கிளட்சுக்குள் உரசி விசையைக் கடத்தும் டிஸ்க் தேயத் தேய வெற்று அசைவு சுருங்கும், கேபிள் நீள நீள அது பெருகும் என்ற இந்த ஒரு கணக்கே எனக்குப் பெருஞ்செலவை மிச்சப்படுத்தியது.

கியர்பெட்டிப் பக்கமுள்ள கேபிள் முனையில் பூட்டு நட்டைத் தளர்த்தி, சரிசெய்யும் நட்டைச் சிறிது சிறிதாகத் திருகி, ஒவ்வொரு முறையும் மிதியை அமுக்கி அளந்தார். அவசரப்பட்டு முழுக்க இறுக்கிவிட்டால் வெற்று அசைவே இல்லாமல் போய், கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கும். கிளட்சை விடுவிக்கும் பேரிங்கும் ஓயாமல் சுழன்று தேயும். அப்படித் திருகும்போதுதான், உறைக்கு வெளியே தெரிந்த கேபிளில் இரண்டு மூன்று இழைகள் அறுந்து, ஊசிபோல் நீட்டிக்கொண்டிருப்பதைக் காட்டினார். இழை அறுந்த கேபிளை எத்தனை முறை இறுக்கினாலும் நிலைக்காது என்பதால், மறுநாளே புதிய கேபிள் பொருத்தப்பட்டது.

கடைசிச் சோதனையாக, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் கிளட்சை மெதுவாக விடச் சொன்னார். எஞ்சின் உடனே நின்றுவிட்டது. வழுக்கல் இல்லை என்பதற்கு அது போதும்.

கூலி, இரண்டு பேர் கடையில் பசியாறும் செலவைத் தாண்டவில்லை. கேபிளின் விலை தனி. ரசீது மட்டும் கேட்டால்தான் எழுதித் தருகிறார். புதிய கேபிள் ஓட்டத்தில் சற்று இளகும் என்பதால், சில வாரங்களில் மறுபடி அளக்கக் காரைக் கொண்டுவரும்படியும், அதற்குக் கூலி வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். நான் திரும்பிய பிறகு தங்கை கொண்டுபோய்க் காட்டுவாள்.