மகளின் காரும் ஒரு கறுப்புப் பெட்டியும்: மூன்று வருட இன்சூரன்ஸ் அனுபவம்

2022 செப்டம்பரில் மகள் டிரைவிங் டெஸ்ட் பாஸ் செய்தாள். அப்போது அவளுக்கு வயது 17. நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், ரெடிங் நகரத்தில். அன்று சாயங்காலம் கேசரி கிளறி இறக்கிய கையோடு லேப்டாப்பைத் திறந்து முதல் கொட்டேஷன் எடுத்தேன். வருடத்துக்கு 3,180 பவுண்டு. அவளுக்காகப் பார்த்து வைத்திருந்த 1.4 லிட்டர் பழைய காரின் விலையே 2,800தான்.

ஊரில் இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அங்கே பிரீமியம் வண்டியைப் பொறுத்தது. ஓட்டுகிறவருக்கு வயது பதினெட்டா அறுபதா என்று யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. இங்கே முதலில் ஆள், அப்புறம்தான் வண்டி. என் வீட்டுக்காரருக்கு இது முன்பே தெரியும். திருச்சியில் பத்து வருடம் ஓட்டியவர். ஆனால் இந்திய லைசென்ஸை வைத்துக்கொண்டு இங்கே 12 மாதம்தான் ஓட்டலாம், மாற்றியும் தர மாட்டார்கள். அதனால் முதலிலிருந்து டெஸ்ட் எழுதி, 34 வயதில் "புது டிரைவர்" ஆகி, அதற்கான கூடுதல் பிரீமியத்தையும் தண்டமாகக் கட்டினார்.

"பெண் பிள்ளைதானே, குறைவா வருமே" என்றாள் தோழி ஒருத்தி. ஒரு காலத்தில் வந்ததாம். ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, 2012 டிசம்பர் 21 முதல் ஆணா பெண்ணா என்று பார்த்து பிரீமியம் போடக்கூடாது. இன்னொருவர் கொடுத்த யோசனை கொஞ்சம் ஆபத்தானது: "காரை உங்க பேர்ல இன்சூர் பண்ணிட்டு, பொண்ணைக் கூடுதல் டிரைவரா சேர்த்துடுங்க." இதற்கு இங்கே ஃப்ரன்டிங் என்று பெயர். உண்மையில் தினமும் ஓட்டுவது மகள் என்றால் இது மோசடி. விபத்து நடந்து, விசாரித்துக் கண்டுபிடித்தால் பணம் வராது. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிய கணக்கிலும் போகலாம், அதற்கு லைசென்ஸில் 6 பெனால்டி பாயின்ட், அதாவது தண்டனைப் புள்ளி, ஏறும். டெஸ்ட் பாஸ் செய்த இரண்டு வருடத்துக்குள் 6 பாயின்ட் சேர்ந்தால் லைசென்ஸே ரத்து. எழுத்துத் தேர்விலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். சில நூறு பவுண்டு மிச்சம் பிடிக்கப் போய் இதெல்லாம் தேவையா என்று விட்டுவிட்டோம்.

உண்மையில் விலை இறங்கியது காரை மாற்றியதில்தான். இங்கே கார்களை 1 முதல் 50 வரை இன்சூரன்ஸ் குரூப்பாகப் பிரித்திருந்தார்கள். எண் குறையக் குறைய பிரீமியமும் குறையும். நாங்கள் செய்த தப்பு, காரைப் பிடித்துப்போன பிறகு இன்சூரன்ஸ் பார்த்தது. தலைகீழாகச் செய்ய வேண்டும். விளம்பரத்தில் பார்க்கும் காரின் நம்பரைப் போட்டு கொட்டேஷன் எடுத்துவிட்டு, அப்புறம் காரைப் பார்க்கப் போனால் போதும். கடைசியில் வாங்கியது ஃபோக்ஸ்வாகன் அப் (Up) என்ற கார், 1.0 லிட்டர், 60 குதிரைத் திறன். குரூப் 1. மலை ஏறும்போது ஏசி போட்டால் முனகும், ஆனால் கொட்டேஷன் 2,450க்கு வந்தது. எங்கள் இருவரையும் கூடுதல் டிரைவராகச் சேர்த்ததும் 2,090. முக்கிய டிரைவர் மகள்தான் என்று உண்மையைச் சொல்லிவிட்டு நம்மைக் கூடுதலாகச் சேர்ப்பதில் தப்பே இல்லை. மூன்றாம் நபருக்கு மட்டும் போடும் பாலிசி மலிவாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்; எங்களுக்கு அது முழு பாலிசியைவிட 300 பவுண்டு கூடுதலாக வந்தது!

அதற்கு மேல் இறங்க ஒரே வழிதான் இருந்தது. கறுப்புப் பெட்டி, அதாவது எப்படி ஓட்டுகிறோம் என்று கவனித்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லும் கருவி. அதோடு 1,640.

ஒரு ஆள் வீட்டு வாசலுக்கே வந்து, அரை மணி நேரத்தில் டாஷ்போர்டுக்குள் எதையோ பொருத்திவிட்டுப் போனார். சோப்புப் பெட்டி அளவு இருக்கும். ஜிபிஎஸ் உண்டு, எவ்வளவு வேகமாகப் போனோம், எப்படி பிரேக் பிடித்தோம், எப்படித் திரும்பினோம், எத்தனை மணிக்கு ஓட்டினோம் என்று எல்லாம் கம்பெனிக்குப் போகும். மொபைல் செயலியில் வாராவாரம் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் வரும்.

முதல் மாதம் மகளுக்கு 91, 88, 93. பள்ளிக்கூடத்தில்கூட இப்படி வாங்கியதில்லை. திடீரென்று ஒரு வாரம் 64. அவள் செயலியைத் திறந்து ஒவ்வொரு பயணமாகப் பார்த்தாள். வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வரிசையாக நின்றது: எங்கள் தெருமுனை மினி ரவுண்டபவுட், அதற்கு அடுத்த வேகத்தடை, தமிழ்க் கடைக்குத் திரும்பும் இடம். ஞாயிற்றுக்கிழமை காலை 10:40. அந்த நேரம் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கப் போனவர் அவள் அப்பா. ஓட்டுவது யார் என்று பெட்டிக்குத் தெரியாது. கார் தெரியும், அவ்வளவுதான்.

"அப்பா, ப்ளீஸ், இனிமே என் காரைத் தொடாதீங்க" என்றாள். இருபத்தைந்து வருடம் ஓட்டுகிற மனிதருக்கு இது பெரிய அடி. "நான் யாரையாவது இடிச்சேனா?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தார். இடிக்கவில்லை. ஆனால் கடைசி நொடியில் பிரேக்கை அழுத்தும் பழக்கம் அவரிடம் இருந்தது எங்களுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

மார்க் போய்விடும் என்று சும்மா பயப்படவில்லை. ஒரு அளவுக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தால் பாலிசியை அவர்களே ரத்து செய்யலாம். அப்படி ஒருமுறை ரத்தானால், அதற்குப் பிறகு எந்தக் கம்பெனி கேட்டாலும் அதைச் சொல்லியாக வேண்டும், விலை எங்கேயோ போய்விடும். ஒரு தடவை அப்படி எச்சரிக்கை மெயிலும் வந்தது: 30 மைல் வேக ரோட்டில் 66ல் போனாளாம். பார்த்தால் அவள் போனது எம்4 மோட்டார்வேயில், அங்கே 70 வரை போகலாம். பக்கத்தில் ஓடும் சின்ன ரோட்டில் போவதாகப் பெட்டி நினைத்துவிட்டது. படம் பிடித்து அனுப்பி, இரண்டு முறை போன் செய்து, மூன்று வாரம் கழித்துத் திருத்தினார்கள். மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை.

இரவு ஓட்டினாலும் மார்க் குறையும். வார இறுதியில் ஒரு பீட்சா கடையில் வேலை செய்தாள், முடிய 11:30 ஆகும். ஆக அந்த வருடம் முழுக்க சனிக்கிழமை இரவுகளில் எங்கள் காரை எடுத்துக்கொண்டு நான்தான் கூட்டிவரப் போனேன். மிச்சம் பிடித்த 450 பவுண்டில் என் தூக்கமும் சேர்த்திதான். இன்னொன்று, மைல் கணக்கு. வருடத்துக்கு 6,000 என்று போட்டிருந்தோம். பத்தாவது மாதமே தீர்ந்து, கூடுதல் மைலுக்குத் தனியாகப் பணம் கட்டினோம்.

மாதத் தவணை வேண்டாம் என்று மொத்தமாகக் கட்டியது நல்லதாகப் போயிற்று. தவணையில் வட்டியோடு கிட்டத்தட்ட 1,900 வந்திருக்கும். பாஸ் பிளஸ் என்று ஆறு மணி நேரப் பயிற்சி ஒன்று உண்டு, அதை முடித்தால் தள்ளுபடி என்றார்கள். நான் பார்த்த கொட்டேஷன்களில் அதனால் குறைந்தது பயிற்சிக் கட்டணத்துக்குக்கூடக் காணாது, விட்டுவிட்டோம்.

இரண்டாம் வருடம் பாதியாகக் குறையும் என்று கனவு கண்டேன். 2023ல் இந்த நாட்டில் எல்லோருக்குமே கார் இன்சூரன்ஸ் ஏறியது. ஒரு வருடம் கிளைம் இல்லாமல் ஓட்டியவளுக்குப் புதுப்பிக்கச் சொல்லி வந்த தொகை 1,720. போன வருடத்தைவிட அதிகம். 2022 ஜனவரி முதல், பழைய வாடிக்கையாளரிடம் புதியவரைவிடக் கூடுதலாகக் கேட்கக்கூடாது என்று விதி வந்திருக்கிறது. அதே கம்பெனிக்குள்தான் அந்த விதி. வேறு கம்பெனி குறைவாகத் தரலாம். மூன்று ஒப்பீட்டுத் தளங்களில், புதுப்பிக்கும் தேதிக்கு மூன்றரை வாரம் முன்னால் உட்கார்ந்து தேடியதில் 1,380 கிடைத்தது. கடைசி நாள் பார்த்த அதே கொட்டேஷன் 200 பவுண்டு ஏறியிருந்தது, வேடிக்கைக்காகப் பார்த்தேன். இந்தத் தடவையும் பெட்டிதான், ஆனால் காரின் முன் கண்ணாடியில் ஒட்டும் வில்லை; அவள் போனோடு சேர்ந்துதான் வேலை செய்யும். அப்பாவுக்கு விடுதலை.

2024ல் பர்மிங்காமில் தோழிகளோடு வீடு எடுத்தாள், காரும் கூடவே போனது. இரவில் கார் எங்கே நிற்கிறதோ அந்த முகவரியைத்தான் கொடுக்க வேண்டும். பெற்றோர் வீட்டு முகவரியையே விட்டுவைக்கும் பிள்ளைகள் நிறைய பேர் இருக்கிறார்கள். கிளைம் வரும்போது மாட்டுவார்கள். பர்மிங்காம் போஸ்ட்கோடு போட்டதும் விலை ஏறியது. இரண்டு வருட கிளைம் இல்லாத தள்ளுபடி அதைச் சரிக்கட்டியது: பெட்டியோடு 1,150, பெட்டி இல்லாமல் 1,290. இந்தத் தள்ளுபடிக்காகவே பாலிசி அவள் பெயரில் இருந்தது நல்லது. கூடுதல் டிரைவராக இருந்திருந்தால் பெரும்பாலான கம்பெனிகளில் ஒரு வருடம்கூடச் சேர்ந்திருக்காது. 140 பவுண்டு போனால் போகட்டும், பெட்டி வேண்டாம் என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. முதல் வருடம் பெட்டி இல்லாமல் எங்களால் கட்டியிருக்க முடியாது, மூன்றாம் வருடம் அதற்கு அவசியம் இல்லை.

இந்த அக்டோபரில் 840க்கு வந்துவிட்டது. முதலில் பொருத்திய பெட்டி செயலிழந்து இன்னும் டாஷ்போர்டுக்குள்தான் கிடக்கிறது, கழற்ற யாரும் வரவில்லை.

சின்னவனுக்கு இப்போது பதினாறரை. புரொவிஷனல் லைசென்ஸ் (ஊரில் எல்.எல்.ஆர். மாதிரி, ஓட்டப் பழகுவதற்கானது) கார்டு போன வாரம் தபாலில் வந்தது. அக்காவின் பழைய கார் தனக்குத்தான் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறான். "இந்தத் தடவை எவ்வளவு ஆனாலும் பெட்டி வேண்டாம்" என்கிறார் இவர்.