பொருத்தத் தேர்வு என்ற பெயரில் விற்கப்படும் அறிக்கை: ஹோட்டல் மேனேஜ்மென்ட் மாணவர்கள் கவனத்திற்கு

ஹோட்டல் மேனேஜ்மென்ட் இறுதியாண்டு மாணவர்களைத் தேடி வந்து, எந்தத் துறை யாருக்குப் பொருந்தும் என்பதை அறிவியல் முறையில் கண்டறிந்து தருவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்கும் ஆலோசனை நிறுவனங்களைப் பற்றி எச்சரிக்கவே இதை எழுதுகிறேன். அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்திடம் நானும் என் வகுப்பினர் சிலரும் பணம் கட்டி ஏமாற்றப்பட்டோம். பெயரைச் சொல்லவில்லை, பெயர் மாறலாம், நடைமுறை மாறாது.

கணினியில் நடந்த தேர்வில், 'புதியவர்களுடன் பேசுவது எனக்குப் பிடிக்கும்', 'பிறருக்கு உதவுவதில் மகிழ்ச்சி அடைகிறேன்' என்பன போன்ற வாக்கியங்களுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் இடச் சொன்னார்கள். இந்தப் படிப்பில் சேர்ந்தவர்களில் யார்தான் இவற்றுக்கு 1 போடுவார்கள்? ஷிஃப்ட் முழுவதும் நின்றபடியே வேலை செய்வது, மற்றவர்களுக்கு விடுமுறையான நாளில் நமக்கு வேலை இரட்டிப்பாவது, தவறு விருந்தினருடையதாக இருந்தாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வது ஆகியவை பற்றி ஒரு கேள்விகூட இல்லை. கடைசியாகச் சொன்னதைத்தான் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட் 1983-இல் உணர்ச்சி உழைப்பு என்று விரிவாக விளக்கினார். இத்துறையை விட்டு விலகுபவர்கள் பலரும் சொல்லும் காரணங்களில் அதுவும் ஒன்று.

வண்ணப் படங்களுடன் வந்த என் அறிக்கை, ஃப்ரன்ட் ஆபீஸ் (வரவேற்புப் பிரிவு) மேலாளர் பொறுப்புக்கு நான் மிகவும் பொருத்தமானவர் என்றும், தன்னம்பிக்கையில் மட்டும் சிறு குறை இருக்கிறது என்றும் சொன்னது. அந்தக் குறையை நீக்கும் சான்றிதழ்ப் பயிற்சியை அதே நிறுவனம் நடத்துகிறது என்ற செய்தி கடைசிப் பக்கத்தில் இருந்தது. எங்கள் அறிக்கைகளை அருகருகே வைத்துப் பார்த்தபோது, அதிகம் பேசாமல் பேக்கரியே கதி என்று இருக்கும் நண்பருக்கும் எனக்கும் அதே பத்திகள், அதே இடத்தில் அதே எழுத்துப்பிழை. இன்னொருவரின் அறிக்கையில், நடுப்பத்தி ஒன்றில் வேறொரு மாணவரின் பெயர் நீக்கப்படாமலே இருந்தது.

ஆயினும், படித்தவுடன் 'அப்படியே என்னைச் சொல்கிறதே' என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது. 1948-இல் உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு நடத்தி, ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வாக்கியங்களால் ஆன ஒரே விவரிப்பை அனைவருக்கும் தனித்தனி முடிவு போலக் கொடுத்தபோது, அவர்கள் அதன் பொருத்தத்துக்கு 5-க்குச் சராசரியாக 4.26 வழங்கினார்கள். இந்த நிறுவனங்களின் பிழைப்பு அந்த இடத்தில்தான் இருக்கிறது.

எல்லாத் தேர்வும் பித்தலாட்டம் என்று சொல்ல வரவில்லை. உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-இல் முன்வைத்த, தொழில் ஆர்வங்களின் ஆறு வகைப் பகுப்பை அடிப்படையாகக் கொண்ட ஆர்வத் தேர்வை அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓநெட் (O*NET) என்ற தொழில் தகவல் இணையதளம் இலவசமாகவே வழங்குகிறது. ஆனால் அது அளப்பது ஆர்வத்தை. திறமையையோ தாக்குப்பிடிக்கும் வலிமையையோ அன்று.

ஒரு வேலையைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கைக்கு மிக வலுவான அடிப்படை, அதை நேரில் செய்து முடித்த அனுபவமே என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதினார். அந்த அனுபவம் நமக்கு, படிப்பின் பகுதியாக ஹோட்டலில் வேலை செய்து பழகும் இன்டஸ்ட்ரியல் டிரெயினிங்கில் கிடைக்கிறது. ஹவுஸ்கீப்பிங் (அறைப் பராமரிப்பு) பொருந்தாது என்று அறிக்கை தள்ளிவிட்ட என் வகுப்புத் தோழி, பயிற்சியின்போது ஒரு தளம் முழுவதும் ஒரே நேரத்தில் காலியானபோது, லாபியில் காத்திருப்பவர்களுக்கு எந்த அறை முதலில் தேவை என்று ஃப்ரன்ட் ஆபீஸிடம் கேட்டு, அந்த வரிசையில் அறைகளைத் தயார் செய்ய வைத்தவர். மேற்பார்வையாளர் அதை அவருடைய மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதியே கொடுத்திருக்கிறார். ஃப்ரன்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங், கிச்சன், உணவு பரிமாறுதல் ஆகிய நான்கு துறைகளிலும் வேலை செய்த நாட்களின் லாக் புக்கும் (அன்றாட வேலைக் குறிப்பேடு) அந்தப் படிவங்களும் சொல்வதை அரை மணி நேரத் தேர்வு சொல்லிவிடாது. ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும்: வேலை பிடிக்கவில்லையா, அல்லது அந்த இடமும் மேலதிகாரியும் பிடிக்கவில்லையா? கடுகடுப்பான ஒரு ஷெஃபிடம் சிக்கியதாலேயே கிச்சன் தனக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டியவர்கள் இருக்கிறார்கள்.

யாராவது இத்தகைய தேர்வை விற்க வந்தால், மாதிரி அறிக்கைகள் இரண்டைக் காட்டச் சொல்லுங்கள். எந்தப் பிரிவினரிடம் சோதித்து மதிப்பெண் அளவுகளை வகுத்தார்கள் என்று கேளுங்கள். நாங்கள் பிற்பாடு கேட்டதற்குத் தொழில் ரகசியம் என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, தேர்வு எழுதியபின் கட்டணம் திரும்பத் தரப்படாது என்ற நிபந்தனையைக் காட்டினார்கள். அறிக்கைகளின் நகல்களை இணைத்துக் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவில் எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறோம். அடுத்த அணி மாணவர்களுக்கான அறிவிப்பில் அந்த நிறுவனத்தின் பெயர் இன்னும் நீக்கப்படவில்லை.