68,500 ரூபாய் வாங்கிக்கொண்டு டேங்கைக்கூடக் கழற்றிப் பார்க்காத டீசல் கடை: மலை ஏறும் பிக்கப் வைத்திருப்பவர்கள் படியுங்கள்

68,500 ரூபாய். எழுதும்போதே கை பதறுகிறது. நேற்று சாயங்காலம்தான் உண்மை தெரிந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. கம்பம், கூடலூர், உத்தமபாளையம், சின்னமனூர் பக்கத்திலிருந்து குமுளி, வண்டிப்பெரியாறு, கட்டப்பனைக்குக் காய்கறி லோடு அடிக்கிற பிக்கப்காரர்கள் கண்டிப்பாகப் படிக்க வேண்டும். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

கடைப் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அதுவரை பெயரை வெளியில் சொல்ல வேண்டாம் என்று வக்கீலுக்குப் படிக்கிற தங்கச்சி மகன் சொல்லியிருக்கிறான். பார்டருக்கு அந்தப் பக்கம், கேரளாவில் இருக்கிற, டீசல் பம்ப், நாசில் (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்) வேலை பார்க்கிற கடை. லேப்டாப் ஸ்கேனர் வைத்திருக்கிறார்கள். ஓனர் தமிழ் ஆள்தான். இவ்வளவு போதும்.

என்னுடையது ஒன்றரை டன் இழுக்கிற காமன் ரெயில் டீசல் பிக்கப், அதாவது 'ரெயில்' என்கிற ஒரே குழாயில் அதிக பிரஷரில் நிற்கிற டீசல் எல்லா நாசிலுக்கும் போகிற வகை. தவணை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. காலி வண்டியாக ஓட்டினால் ஒரு குறையும் தெரியாது. லோடு ஏற்றிக்கொண்டு கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் வரை போனாலும் தெரியாது. மலை ஏற ஆரம்பித்ததும்தான் வினை. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு மலைப்பாதை ஏறத்தாழ 6 கிலோமீட்டர்தான். அதில் பாதி ஏறுவதற்குள் இழுவை போய்விடும். ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் ரேஸ் ஏறாது, இன்ஜின் லைட் எரியும். பின்னால் பஸ்ஸும் ஜீப்பும் வரிசையாக நின்று ஹாரன் அடிக்கும். எப்படியோ ஓரம் கட்டி, ஆஃப் செய்து, கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் நன்றாக ஏறும். சில கொண்டை ஊசி வளைவுகள் தாண்டியதும் மறுபடி அதே பாடு.

நிறுத்தி வைத்தால் சரியாகிறது, லோடோடு ஏற ஏறத் திரும்ப வருகிறது. பதில் இதிலேயேதான் இருந்தது. அந்தக் கடையில் முதல் நாளே நான் சொன்னதும் இதைத்தான்.

கம்பத்தில் வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் டீசல் ஃபில்டர் மாற்றினார், ஃபில்டரில் நின்ற தண்ணீரை வடித்தார், இன்டர்கூலர் (இன்ஜினுக்குப் போகிற காற்றைக் குளிர்விப்பது) ஹோஸில் கிழிசல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். சில நாள் பரவாயில்லாமல் ஓடியது. திரும்ப வந்ததும், "எங்கிட்ட ஸ்கேனர் இல்லண்ணே, மாட்டிப் பாக்குற இடத்துக்குக் கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன மனுசன். அவர் மேல் எனக்குக் குறையே இல்லை.

அப்படித்தான் அந்தக் கடைக்குப் போனேன். ஓனர் நாற்காலி எடுத்துப் போட்டார், பையனை விட்டுக் கட்டஞ்சாயா வாங்கிவரச் சொன்னார். "அண்ணனுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். சொன்னேன். "அட, எங்க அம்மா பொறந்த ஊருக்குப் பக்கம்ணே! நம்ம ஆளா போயிட்டீங்க" என்று தோளில் கை போட்டார். மலைக்கு மேலே வந்து நம் பேச்சில் ஒருத்தர் இப்படிப் பேசினால் மனசு இளகத்தானே செய்யும். ஸ்கேனரை மாட்டி, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பி0087 என்ற பிழைக் குறியீடு வந்திருந்தது. "பாத்தீங்களாண்ணே, ரெயில்ல பிரஷர் நிக்க மாட்டேங்குது. நாலு நாசிலும் போச்சு. பம்ப்பும் வீக். நான் பொய் சொல்லுவேன், மிஷின் சொல்லுமா?" என்றார்.

புது நாசில் நாலு, பம்ப் சர்வீஸ், லேபர் எல்லாம் சேர்த்து 68,500 ரூபாய். "ஒரு வருஷத்துக்கு எந்தத் தொந்தரவு வந்தாலும் நான் பொறுப்பு, இது என் வண்டிண்ணே" என்றார். மகளின் காலேஜ் பீஸுக்கு எடுத்து வைத்திருந்த பணத்தில் இருந்து 40,000 அங்கேயே போனில் அனுப்பினேன். தன் நம்பரில் லிமிட் முடிந்துவிட்டது என்று மச்சினர் நம்பரைக் கொடுத்தார். மீதி 28,500 வண்டி எடுக்கும்போது ரொக்கம். பில் கேட்டேன். "ஜிஎஸ்டி போட்டா 18 பர்சன்ட் ஏறும்ணே, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு" என்று ஒரு துண்டுச் சீட்டில் 'நாசில் 4, பம்ப், லேபர், 68,500' என்று எழுதிக் கொடுத்தார். கழற்றிய பழைய நாசில்களைக் கேட்டேன். "அதை எக்ஸ்சேஞ்சுல கொடுத்ததாலதான் இந்த விலைக்கு வந்துச்சு" என்றார். கேட்டதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் ஒரு பதில் தயாராக இருந்தது.

வண்டியை எடுத்த அன்று காலியாக, சமதளத்தில் கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டினார்கள். அந்தக் குறை காலி வண்டியில் வரவே வராது என்று நான் சொன்ன வண்டி அது.

அடுத்து பீன்ஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு கட்டப்பனைக்குக் கிளம்பினேன். குமுளி மலைப்பாதையில் இரைச்சல் பாலத்துக்கு மேலே அதே இடத்தில், அதே லைட், அதே இழுவைக் குறைவு. வேறு வண்டி வரவழைத்து, ரோட்டோரத்திலேயே லோடு மாற்றி அனுப்பினேன். காலைக் கடைக்குப் போகவேண்டிய சரக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தால் யார் விலை கொடுப்பார்கள்? அந்த நஷ்டத்தை இந்த 68,500-இல் நான் சேர்க்கவே இல்லை.

அன்றைக்கே போன் செய்தேன். "புது நாசில் செட் ஆகணும்ணே, ஒரு 500 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்க." ஓட்டினேன். திரும்பக் கேட்டால், "எங்க டீசல் போட்டீங்க? டீசல்ல கலப்படம்." அதற்கு அடுத்து, "நீங்க ஓவர்லோடு அடிக்கிறீங்க." எடைச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அதற்குப் பதிலே இல்லை. வண்டியை நேரில் கொண்டுபோய் நிறுத்தினேன். மறுபடி ஸ்கேனர். "டர்போ போயிருக்குண்ணே, இன்னொரு 32,000 ஆகும்." கேரண்டி என்னாச்சு என்று கேட்டேன். "கேரண்டி நாசிலுக்குத்தான், டர்போவுக்கு இல்லையே" என்கிறார். அதற்கப்புறம் போனை எடுப்பதே இல்லை. கடைப் பையன் எடுத்து, ஓனர் சபரிமலைக்குப் போயிருக்கிறார் என்பான், கோட்டயத்துக்கு ஸ்பேர் எடுக்கப் போயிருக்கிறார் என்பான். நேரில் போனால் ஓனர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

கடைசியாகப் போனபோது சொன்னதுதான் நெஞ்சில் நிற்கிறது. "எங்க வேணா போய்ச் சொல்லுங்க. நீங்க தமிழ்நாடு, கடை கேரளா. யாரு கேஸ் எடுப்பாங்க?" பணம் வாங்குகிற அன்றைக்கு நம்ம ஆள், நியாயம் கேட்கிற அன்றைக்கு நீங்க தமிழ்நாடு. 68,500 ரூபாயை என்னிடம் வாங்கிய வாய் அது.

சரி, உண்மை எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். தேனியில் லாரிகளுக்கு டீசல் வேலை பார்க்கும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் தெரிந்தவர் அனுப்பி வைத்தார். நான் சொன்னதை முழுசாகக் கேட்டார், நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. "நிறுத்துனா சரியாகுதுன்னா மொதல்ல டேங்க்கைப் பாக்கணும் தம்பி" என்றார். ஒரு கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, பத்திரமாக ஆடாமல் கட்டினார். டேங்க்கில் இருந்து வருகிற குழாயையும் திரும்பிப் போகிற ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, இரண்டையும் அந்தக் கேனோடு இணைத்தார். அதே அளவு லோடோடு போடிமெட்டுப் பாதையில் ஏற்றினோம். ஒரு இடத்தில்கூடத் திணறவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டேங்க்கை இறக்கினார். உள்ளே டீசலை உறிஞ்சும் குழாயின் முனையில் இருக்கிற சல்லடை முழுக்கப் பழுப்பு நிறத்தில் வழவழவென்று பாசி மாதிரி அடைத்திருந்தது. கூடவே துருத் துகள்கள். உறிஞ்சும் ரப்பர் ஹோஸும் உள்பக்கம் உரிந்து தொங்கியது. டேங்க்கில் தண்ணீர் சேர்ந்து நின்றால் இப்படி ஆகும் என்றார்.

அவர் சொன்ன விளக்கம் இது. மலையில் லோடோடு ஏறும்போது இன்ஜினுக்கு டீசல் அதிகம் வேண்டும். பம்ப் வேகமாக இழுக்கும்போது அழுக்கெல்லாம் சல்லடையில் போய் ஒட்டுகிறது. போதுமான டீசல் வராமல் ரெயிலில் பிரஷர் விழுகிறது. கம்ப்யூட்டர் லைட்டைப் போட்டு இன்ஜின் பவரைக் குறைத்துவிடுகிறது. ஆஃப் செய்ததும் உறிஞ்சல் நிற்கிறது, ஒட்டிய அழுக்கு கீழே இறங்குகிறது, வண்டி மறுபடி ஓடுகிறது. சமதளத்தில் தேவை குறைவு, அதனால் அங்கே குறை தெரிவதில்லை. பி0087 என்றால் ரெயில் பிரஷர் குறைவு என்று மட்டும்தான் அர்த்தம். காரணம் சல்லடையாக இருக்கலாம், ஃபில்டராக இருக்கலாம், காற்று உறிஞ்சும் ஓட்டைக் குழாயாக இருக்கலாம், பம்ப்பாகவோ நாசிலாகவோகூட இருக்கலாம். மிஷின் பொய் சொல்லவில்லை. அதைக் காட்டிப் பொய் சொன்னது அந்த ஆள்.

டேங்க் கழுவி, சல்லடை சுத்தம் செய்து, புது ஹோஸ், புது ஃபில்டர் போட்டு மொத்தம் 2,800 ரூபாய் ஆனது. பில்லோடு.

இதைவிடப் பெரிய அடி அப்புறம்தான். நாசில் வேலையையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அவர் மேல் மூடியைத் திறந்தார். இந்த வகை நாசில் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கோடு (code), அதாவது அந்த நாசிலுக்கே உரிய குறியீடு, அச்சடித்திருக்கும். புதிதாகப் போட்டால் அந்தக் கோடை ஸ்கேனர் வழியாக இன்ஜின் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஸ்கேனர் வைத்திருக்கும் பையனை வரச்சொல்லி, கம்ப்யூட்டரில் இருந்த நாலு கோடையும் எடுத்து, நாசில் தலையில் இருப்பதோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். நாலும் அப்படியே பொருந்தியது. புது நாசிலாக இருந்தால் அதன் கோடைக் கம்ப்யூட்டரில் புதிதாக ஏற்றியிருக்க வேண்டும், இந்த வண்டியில் அப்படி ஏற்றினால் அது பதிவாகியிருக்கும் என்றான் பையன். என் வண்டியில் அப்படி ஒரு பதிவே இல்லை. ஆக நாலும் வண்டி வாங்கும்போது இருந்த அதே நாசில்கள். துடைத்துப் பளபளப்பாக்கித் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். பம்ப் போல்ட்டுகளில் கம்பெனியில் போட்ட பெயிண்ட் அடையாளம்கூடக் கலையவில்லை. அதில் ஸ்பேனர் படவே இல்லை. எக்ஸ்சேஞ்சில் கொடுத்தேன் என்று சொன்ன பழைய நாசில்கள் என் வண்டியிலேயே இருக்கின்றன!

இது தெரியாமல் செய்த தப்பு கிடையாது. 68,500 ரூபாய்க்குத் துணி போட்டுத் துடைத்துவிட்டு, கூசாமல் இன்னொரு 32,000 கேட்டிருக்கிறார்கள். என் மகள் பீஸுக்கு நான் இப்போது வட்டிக்கு வாங்கியிருக்கிறேன்.

கேஸ் யார் எடுப்பார்கள் என்று கேட்டாரே, அதற்குப் பதில் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். எனக்குத் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. நடந்து 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். லோடு வண்டி வியாபாரம் என்று சொல்லித் தள்ளப் பார்ப்பார்கள். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டுமே ஓட்டினால் சட்டத்தில் விலக்கு இருக்கிறது என்று மருமகன் எடுத்துக் காட்டினான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்துவிட்டேன். போனில் பணம் போன கணக்கு, துண்டுச் சீட்டு, அவர் அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ், நாசில் கோடுகளின் போட்டோ எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

மண்டிக்குக் கிளம்ப வேண்டும், அதனால் சுருக்கமாக. ஸ்கேனரில் வருகிற பிழைக் குறியீட்டை மட்டும் வைத்து நாசில், பம்ப் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முதலில் டேங்க், சல்லடை, ஹோஸ், ஃபில்டர் பார்த்தாயா என்று கேளுங்கள். நாசில் கழற்றும் முன் ரிட்டர்ன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு நாசிலில் இருந்தும் திரும்பி வழிகிற டீசலைத் தனித்தனி பாட்டிலில் பிடித்துப் பார்ப்பதை, உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். வண்டியை விடும்போதே நாசில் கோடுகளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள், வேறு ஆள் நம்பருக்கும் அனுப்பாதீர்கள். குறை லோடில் வந்தால் லோடோடு ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மீதிப் பணம்.

இதைப் படிக்கிறவர்களில் பார்டருக்கு அந்தப் பக்கம் இதே மாதிரி "மிஷின் பொய் சொல்லுமா" என்று கேட்டு நாசில் மாற்றிய ஆட்கள் யாராவது இருந்தால், உடனே மூடியைத் திறந்து கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தி, புதுக் கோடு ஏற்றிய பதிவும் இல்லை என்றால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். வருகிற வாரம் தேனிக்குப் போய்ப் புகார் கொடுக்கிறேன், சேர்ந்தே கொடுப்போம்.