தீட்சிதர் கிருதிகளுக்கு மூலநூல்: சம்பிரதாய பிரதர்சினி, தமிழ்ப் பதிப்பு, 5 பாகங்கள்

முதலில் யாருக்கு என்று சொல்லிவிடலாம். கர்நாடக சங்கீதத்தில் வர்ணங்களைத் தாண்டி இருபது முப்பது கிருதிகளாவது (பல்லவி, சரணம் என்று அமைந்த முழுப் பாடல்கள்) பாடமானவர்கள் இதை வாங்கலாம். சரளி வரிசை என்ற ஆரம்பப் பாடத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுத்தால் அலமாரிக்குத்தான் அழகு.

சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் தெலுங்கில் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை, சென்னை மியூசிக் அகாடமி 1961 தொடங்கிப் பாகம் பாகமாகத் தமிழில் கொண்டுவந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகள் மட்டும் 229, அத்தனையும் சுவரக் குறிப்போடு.

வாக்கேயகாரர் (பாட்டும் மெட்டும் தாமே அமைத்தவர்) சரித்திரப் பகுதியைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். முத்துசுவாமி தீட்சிதர் திருவாரூரில் பிறந்தது, சிதம்பரநாத யோகியோடு காசியில் இருந்தது, திருத்தணியில் பாடத் தொடங்கியது, 1835 தீபாவளியன்று எட்டயபுரத்தில் மறைந்தது எல்லாம் அங்கே உண்டு. எழுதிய சுப்பராம தீட்சிதரோ அவருடைய தம்பி பாலுசுவாமியின் பேரன், சுவீகாரப் பிள்ளை, பிறந்தது 1839-இல். பெரியவரைக் கண்ணால் பார்த்ததில்லை, வீட்டில் வழங்கிய செய்தியைத்தான் பதிவுசெய்தார். பள்ளிக்கூடக் கட்டுரைக்கு இதை எடுத்தாளும் பிள்ளைகள் முருகன் முதியவராக வந்து வாயில் கற்கண்டு போட்டார் என்ற திருத்தணிக் கதையையும் தேதிகளையும் ஒரே தட்டில் வைக்காமல் இருப்பது நல்லது.

நூலின் உயிர் கமகக் குறிகளில், அதாவது சுவரத்தை அசைத்தும் இழுத்தும் பாடும் விதத்தைக் காட்டும் குறிகளில் இருக்கிறது. கம்பிதத்துக்கு (அசைவு) அலைக்கோடு, ஜாருவுக்கு (வழுக்கல்) ஏறும் அல்லது இறங்கும் சாய்கோடு, இன்னும் நொக்கு, ரவை, கண்டிப்பு, ஒதுக்கல், ஒரிகை என்று ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி. இவை வீணைக்காரரின் விரலிலிருந்து பிறந்தவை. ஒதுக்கல் என்றால் வீணைத் தண்டில் ஒரு சுவரத்துக்குரிய மெட்டிலேயே (குறுக்குக் கம்பியிலேயே) தந்தியை இழுத்து மேல் சுவரத்தைப் பேசவைப்பது. வாய்ப்பாட்டுக்காரர் அதைப் படித்தவுடன் இரண்டு சுவரங்களைத் தனித்தனியாக உச்சரித்தால் ராகம் நொண்டும்.

பழக நல்ல இடம் 15-ஆம் மேளம் (தாய் ராகம்) மாயாமாளவகௌளையில் ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’. சரளி வரிசை படித்த ராகமே இது, சுவரஸ்தானங்கள் முன்பே தொண்டையில் இருக்கும் என்பதால் கவனம் முழுவதையும் குறிகளுக்குக் கொடுக்கலாம். ஆதி தாளம் போட்டுக்கொண்டு, குறி எதையும் பார்க்காமல் வெறும் சுவரமாக ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று). அது நின்றபின் ஜாருவும் கம்பிதமும் மட்டும். நொக்கும் ரவையும் அதற்குப் பிறகு. ஒரு வீணைப் பதிவைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் பாதிச் சந்தேகம் தீரும். பொதுவாகச் சறுக்குவது காலப்பிரமாணத்தில் (வேக அளவில்). சௌக்க காலத்தில் (மெதுவான நடையில்) பொறுமை இழந்து வேகத்தைக் கூட்டிவிட்டால், மத்யமகால சாகித்தியம் வரும்போது மூச்சு போதாது. அது முன்னதைப்போல இருமடங்குதான், ஓட்டப்பந்தயம் இல்லை.

தேடிப் பிடிப்பது பெரிய தலைவலி. எல்லாம் 72 மேள வரிசையில் இருக்கிறது, அதுவும் மேளங்களை வகுத்த வேங்கடமகியின் வழிப் பெயர்களில். 22 என்று திருப்பினால் இன்றைய வழக்கிலுள்ள கரகரப்பிரியா இருக்காது, ஸ்ரீராகம் இருக்கும். கமலாம்பா நவாவரணக் கிருதித் தொகுப்பை வரிசையாகப் பாட நினைத்தால் தோடிக்கு 8, சங்கராபரணத்துக்கு 29, கல்யாணிக்கு 65 என்று பாகங்களை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே ஒற்றைப் பாகம் வாங்குவதில் பெரிய பயன் இல்லை. கிருதி, ராகம், பாகம், பக்கம் என்று நாமே ஓர் அட்டவணை எழுதி முதல் பாகத்தில் செருகிவிட்டால் பிழைத்தோம்.

இல்லாததையும் சொல்ல வேண்டும். நவக்கிரக கிருதிகளில் ‘சூர்யமூர்த்தே’ முதல் ‘திவாகரதனுஜம்’ வரை ஏழுதான் கிடைக்கும். ராகுவும் கேதுவும் இந்த நூலில் இல்லை. அச்சுப்பிழை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ‘வாதாபி கணபதிம்’ பக்கத்தைத் திறப்பவர்களுக்கும் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது: மேடையில் கேட்டுப் பழகிய அடுக்கடுக்கான சங்கதிகள் (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வகைகள்) கிடையாது. இந்தப் பாடாந்தரத்தை (பாடும் முறையை) தேர்வில் பாடுவதாக இருந்தால் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வகுப்புப் பாடத்தோடு ஒத்துப்போகாத இடங்கள் நிறைய வரும்.

தமிழ் எழுத்தில் வடமொழி சாகித்தியம் எப்போதும் இடறும். தமிழை வீட்டில் மட்டும் பேசி, பாடமெல்லாம் ஆங்கிலத்தில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதலாக இடறும். ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. டேப்லெட்டில் ஏற்றிச் சுருதிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் உச்சரிப்பைச் சரிபார்க்க உதவும். அதுவே போதுமா என்றால், ராக லட்சணத்தை (ராகத்தின் இலக்கணத்தை) ஒருமுறை பார்க்க மட்டும் போதும். கிருதியை உட்கார்ந்து பாடம்செய்ய அச்சுப் பக்கமே வசதி.

சென்னைக்குப் போகிறவர்களிடம் சொல்லி வாங்குவதாக இருந்தால், 5 பாகமும் இருப்பில் உண்டா என்று முதலில் போன் போட்டுக் கேளுங்கள். பெட்டியில் எடைக்கும் இடம் விட்டுவைக்கச் சொல்லுங்கள். இங்கே நம் ஊர் ஈரக்காற்றில் தாள் சீக்கிரம் புள்ளி தட்டும். கேமரா வைக்கும் ஈரநீக்கிப் பெட்டி வீட்டில் இருந்தால் அதில் ஒரு தட்டு ஒதுக்கலாம், இல்லையென்றால் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பா. குறிப்பெழுதப் பென்சில் மட்டும். ஈரம் பட்டால் பேனா மை கமகக் குறிமேல் பரவி, நொக்கு எது ரவை எது என்று தெரியாமல் போய்விடும்.