எளிய சொற்களுக்கே அகராதி தேவை: ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி

மத்திய அரசுப் பணியில் சேர்ந்து டெல்லிக்கு வரும் நம் பிள்ளைகளில் பலர், போட்டித் தேர்வுக்காக அருஞ்சொற்களைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்தவர்கள். கோப்பைக் கையில் எடுத்ததும் அவர்களைத் தடுமாற வைப்பவை அந்த அருஞ்சொற்கள் அல்ல; சாங்ஷன், டேபிள், டிராஃப்ட், அவுட்ஸ்டாண்டிங் என்று நாள்தோறும் கண்ணில் படுகிற எளிய சொற்கள்தான். ஒரு பொருள் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் அகராதியைப் புரட்ட வேண்டும் என்ற எண்ணமே எழுவதில்லை. ஆண்டுத் திறனறிக்கையில் அவுட்ஸ்டாண்டிங் என்று எழுதினால் மிகச் சிறப்பு. கணக்குப் பிரிவின் கடிதத்தில் அதே சொல் இருந்தால் இன்னும் செலுத்தப்படாத பாக்கி. இத்தகைய சொற்களுக்காகவே என் அலுவலக மேசையில் பல ஆண்டுகளாக இருந்துவரும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரியைப் பற்றி எழுதுகிறேன்.

ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துவந்த ஏ.எஸ். ஹார்ன்பி, உடன் பணியாற்றிய இருவருடன் சேர்ந்து தொகுத்து 1942இல் டோக்கியோவில் வெளியான அகராதி இது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் இதைத் தன் வெளியீடாகக் கொண்டுவந்தது. பத்தாம் பதிப்பு 2020இல் வந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கென்றே தொடக்கத்திலிருந்து உருவானதால், விளக்கங்களும் எளிமையாக இருக்கின்றன. முதன்மையான 3000 சொற்களைத் தெரிவுசெய்து, பெரும்பாலும் அவற்றைக் கொண்டே மற்ற எல்லாச் சொற்களுக்கும் பொருள் சொல்கிறார்கள்.

பல பொருள் கொண்ட சொற்களை இது கையாளும் முறையே இதன் பெரும்பலம். ரன் என்னும் வினைச்சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆக்ஸ்ஃபோர்டின் பேரகராதி, தன் மறுபதிப்பில் அந்த ஒரு வினைக்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்துக் காட்டுகிறது. அவற்றை வரலாற்று வரிசையில் அடுக்குகிறது. ஆய்வாளருக்கு அது புதையல். அவசரமாகக் குறிப்பு எழுத வேண்டியவருக்கு அந்த வரிசை உதவாது. நாம் பேசும் இந்த அகராதியோ, நீண்ட பதிவுகளில் ஒவ்வொரு பொருளின் முன்னும் ஒரு சிறு தலைப்பை இடுகிறது. நிர்வாகம், பேருந்தும் ரயிலும், நீர், மூக்கும் கண்ணும், சாயம், தேர்தல் என்று அந்தத் தலைப்புகளின் மீது கண்ணை ஓட்டினாலே போதும். கரோல்பாக்கில் ஒருவர் மெஸ் நடத்துவதும், குழந்தைக்கு மூக்கு ஒழுகுவதும், துவைத்த சட்டையின் சாயம் பக்கத்துத் துணியில் ஏறுவதும், ஒருவர் தேர்தலில் நிற்பதும் அதே ரன்தான் என்பதை, பதிவு முழுவதையும் படிக்காமலே கண்டுகொள்ளலாம்.

‘பலபொருள் குறித்த ஒருசொல்’ என்று நன்னூல் இதைத் திரிசொல்லின்பாற்படுத்தி, ‘அரிதுணர் பொருளன’, அதாவது எளிதில் பொருள் விளங்காதவை என்கிறது. ஆங்கிலத்திலோ குழந்தை முதலில் கற்கும் ரன், செட், கெட் போன்ற சொற்களில்தான் இந்தப் பண்பு மிகுந்து காணப்படுகிறது.

சாங்ஷன் என்னும் சொல்லின் பதிவை இளையவர்கள் ஒருமுறை முழுமையாகப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நம் அலுவலகங்களில் அது ஒப்புதல்: செலவுக்குச் சாங்ஷன், விடுப்புக்குச் சாங்ஷன். செய்தித்தாளில் ஒரு நாட்டின் மீது சாங்ஷன்ஸ் விதித்தார்கள் என்றால் அது தடை. சட்டத்தை உறுதிப்படுத்துதல் என்ற பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல் என்பதால், சட்டம் அனுமதிப்பதும் சட்டம் தண்டிப்பதும் ஒரே சொல்லுக்குள் வந்து தங்கிவிட்டன. அகராதி இவற்றைப் பொருளால் மட்டுமல்லாமல் இலக்கணக் குறியாலும் பிரித்துக் காட்டுகிறது. தடை என்னும்போது அது எண்ணத்தக்க பெயர், பெரும்பாலும் பன்மையில் வரும், பின்னால் அகெய்ன்ஸ்ட் சேரும். ஒப்புதல் என்னும்போது எண்ணப்படாத பெயர். இந்தக் குறிகளைப் பார்க்கப் பழகியவருக்கு, சூழல் தெளிவில்லாத வாக்கியத்திலும் பொருள் பிடிபடும்.

டேபிள் என்னும் வினையும் அப்படியே. பிரிட்டிஷ் வழக்கில் அது ஒன்றை விவாதத்துக்கு முன்வைப்பது. அமெரிக்க வழக்கில் விவாதத்தைத் தள்ளிவைப்பது. நம் நாடாளுமன்ற வழக்கு பிரிட்டிஷ் மரபைச் சார்ந்தது என்பதால், அமெரிக்க அறிக்கையைப் படித்துக் குறிப்பெழுதுபவர் நேரெதிராகப் புரிந்துகொள்ள நேரும். இரண்டு பொருளுக்கும் வட்டார அடையாளத்தை அகராதி தவறாமல் இடுகிறது. ஒன்றை முன்கூட்டிய நாளுக்கோ நேரத்துக்கோ மாற்றுவதைக் குறிக்கும் பிரிபோன் என்பது இந்திய ஆங்கிலம் என்பதையும் குறிப்பிடுகிறது.

எனக்கு உடன்பாடில்லாத இடமும் உண்டு. பணம் போடும் பேங்க்கும் ஆற்றங்கரையான பேங்க்கும் ஒரே தலைச்சொல்லின் கீழ் வருகின்றன. முன்னது இத்தாலிய மொழி வழியாக வந்தது. பின்னது ஸ்காண்டிநேவிய மூலம் உடையது. வழிநடத்தும் லீடும் ஈயமான லெட்டும் உச்சரிப்பு வேறு என்பதால் தனித்தனித் தலைச்சொற்களாக நிற்கும்போது, வெவ்வேறு வழியில் வந்த இரு பேங்க்குகளுக்கும் அந்த மரியாதையைத் தந்திருக்கலாம். மேலும், தமிழ்ப் பொருள் இதில் கிடையாது. ஆங்கில விளக்கத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குப் பயிற்சி இல்லாதவர்கள் ஓர் ஆங்கில–தமிழ் அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இணையத்தில் இது கட்டணமின்றிக் கிடைக்கிறது, உச்சரிப்பையும் கேட்கலாம். ஒரு சொல்லை மட்டும் பார்க்க அது போதும் என்றாலும், ஒரு சொல்லின் எல்லாப் பொருள்களையும் ஒரே பார்வையில் காண அச்சுப் பிரதியே சிறந்தது என்பது என் கருத்து. புதிய பிரதி வாங்க இயலாதவர்கள், தரியாகஞ்சிலிருந்து 2019இல் ஆசஃப் அலி சாலையின் மகிளா ஹாட்டுக்கு இடம் மாறிய ஞாயிறு புத்தகச் சந்தைக்குக் காலையிலேயே சென்று தேடலாம். நடுவில் பக்கங்கள் விடுபட்டிருக்கின்றனவா என்று புரட்டிப் பார்த்து வாங்க வேண்டும். 2005இல் வந்த ஏழாம் பதிப்புக்கு முந்தையவற்றைத் தவிர்க்கலாம். 3000 சொற்களின் பட்டியல் அந்தப் பதிப்பில்தான் முதலில் இடம்பெற்றது.